பத்தொன்பது மாதம் இருந்த பாராட்டு

அந்தத் தெருவில் வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். வயது ஐம்பத்தெட்டு. ஆளும் ஒல்லி, பேச்சும் ஒல்லி. எல்லோரும் ‘மெக்கானிக்’ என்றே கூப்பிட்டுப் பழகியதால், சொந்தப் பெயரை மின்சார ரசீதில் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும். கீழே கடை, மூன்றாவது மாடியில் வீடு. இரண்டு இடத்திலும் தனியாள். மனைவி காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம்.

மகள் போனதில் பெரிய ரகளை எதுவும் இல்லை. அதுவரை கடையில் போன் எடுப்பதும், எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று எழுதிவைப்பதும் அவள்தான். ஒருநாள் காலையில் வந்து நின்று, வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, கூடப் படித்தவரையே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றாள். அவர் ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“போறதுன்னா போ. ஆனா போனா போனதுதான்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது? அவளும் அவர் மகள்தானே, வீம்பில் ஒரு பிடி கூடவே இருந்தாள். ஒரு பெட்டியோடு போனவள் போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். கல்யாணம் நடந்த செய்தி மனைவியின் தம்பி மூலமாகத்தான் வந்தது. “நம்பர் தரவா மச்சான்?” என்று அவன் கேட்டபோது, “வேணும்னா அவளே கூப்பிடட்டும்” என்றார். அதற்கப்புறம் அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடையில் இருந்த காலத்தில் மகள் செய்துவைத்த ஒரு காரியம் மட்டும் தங்கிவிட்டது. ஊரில் உள்ள கடைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் கருத்து எழுதுகிற இணையதளம் ஒன்றில் அவர் கடைக்கும் ஒரு பக்கம் போட்டிருந்தாள். “இப்பல்லாம் இதைப் பார்த்துட்டுத்தான்ப்பா கூப்பிடுறாங்க” என்று சொல்லி, எப்படிப் பார்ப்பது என்று அவர் போனிலேயே காட்டிக்கொடுத்திருந்தாள். அவர் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதை ஒரு தடவை பார்ப்பார்.

எட்டு வருஷத்தில் நாற்பத்தொரு கருத்துகள் சேர்ந்திருந்தன. ‘நல்ல சேவை’, ‘பரவாயில்லை’, ‘ஓகே’. சிலர் அதுகூட எழுதாமல் நட்சத்திரத்தை மட்டும் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன், ‘மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை, ஏமாற்றுப் பேர்வழி’ என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தான். அப்படி ஒரு ஆள் கூப்பிட்டதே இல்லை. வேறு கடைக்குப் போட வேண்டிய திட்டை இங்கே போட்டுவிட்டான் என்பது மெக்கானிக்கின் முடிவு. நீக்கச் சொல்லி எழுதிக் கேட்டார். ‘இது வாடிக்கையாளரின் கருத்து, விதிமீறல் எதுவும் இல்லை’ என்று பதில் வந்தது. திட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

“இது எத்தனை வருஷம்மா இருக்கும்?” என்று பக்கத்து மருந்துக்கடைக்கார அம்மாவிடம் கேட்டார். அவளுக்கு இந்த விஷயமெல்லாம் அத்துப்படி; அவள் கடைக்கும் ஒரு பக்கம் இருந்தது, அதில் நாள் தவறாமல் சண்டையும் போடுவாள்.

“என் கடையில இருக்கிற ஒவ்வொரு மாத்திரைக்கும் காலாவதி தேதி இருக்குண்ணா. இந்தச் சனியனுக்கு மட்டும் கிடையாது. எழுதினவங்களா எடுத்தா உண்டு, அவங்க கணக்கை மூடினா உண்டு, இல்ல விதி மீறினதா கம்பெனிக்காரன் தூக்கினா உண்டு. இல்லேன்னா நாம போனப்புறமும் அது இருக்கும்.”

அந்தத் திட்டுக்கு நேர் மேலே ஒரு பாராட்டு வந்து சேர்ந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மஞ்சள் குடை’ என்று போட்டிருந்தது. மற்றவர்களைப் போல ஒற்றை வரி இல்லை.

‘இவர் ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கு வருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கொண்டுவந்த பழைய துணியை விரித்த பிறகுதான் மெஷினைச் சாய்ப்பார். நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று யாரையும் குற்றம் சொல்ல மாட்டார். சின்னப் பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் விரட்ட மாட்டார். கழற்றிய ஸ்க்ரூக்களை அதன் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, வரிசை மாறாமல் வைத்திருக்கச் சொல்வார். வரிசை மாறினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருந்தால் நன்றாக இருக்கும்.’

முதல் தடவை படித்தபோது அவருக்குக் காது சுட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி படித்தார். முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய்க் குனிந்து நிமிர்ந்ததை யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார். செருப்பைக்கூட விடவில்லையே!

யார் அது என்று கண்டுபிடிப்பதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. போய்வந்த வீடுகளின் நோட்டைப் புரட்டினார். பள்ளி ஆசிரியை வீட்டில் இரட்டைக் குழந்தைகள் உண்டு, ஆனால் அவை அவர் பக்கமே வந்ததில்லை. நான்காவது மாடி வீட்டில் ஒரு வாலு இருந்தது. அது ஸ்க்ரூவை வாயில் போட்டுக்கொள்ளும், அதன் கையில் யார் கொடுப்பார்? அந்த வீட்டுக்கு மறுபடி போனபோது மெல்ல ஆழம் பார்த்தார்.

“நீங்க ஏதாவது எழுதினீங்களாம்மா?”

“என்ன எழுதணும்? கையெழுத்து போடணுமா?” என்று அந்தப் பெண் பேனாவைத் தேடப் போனாள்.

அதோடு கேட்பதை விட்டுவிட்டார். தேடுவதை மட்டும் விடவில்லை. தனியாகச் சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து அந்தப் பாராட்டைத் திறந்துகொள்வார். எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். சில நாட்களில் கடையைப் பூட்டுகிறவரைக்கும் அவர் பார்த்த அன்பான வார்த்தை அது ஒன்றுதான்.

பத்தொன்பது மாதம் அது அங்கே இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பார்த்தால், காணவில்லை. நாற்பத்தொன்று நாற்பதாகியிருந்தது. திட்டு மட்டும் தனியாக, இப்போது எல்லாவற்றுக்கும் மேலே, கொலுவிருந்தது.

அவர் போனை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

“போயிடுச்சுண்ணா.”

“எங்க போச்சு?”

“எடுத்துட்டாங்க. இப்ப ஏதோ புதுசா சல்லடை போட்டு அலசுறாங்களாம். பொய்யா எழுதினது, கூலிக்கு எழுதினது, ஒரே போன்ல இருந்து பத்துப் பேரா எழுதினது, எல்லாத்தையும் தூக்குறாங்க. எனக்கும் நாலு போச்சு.” கொஞ்சம் குரலைத் தணித்தாள். “அதுல மூணு எங்க சின்ன அக்கா எழுதினது.”

“என்னோடது பொய் இல்லம்மா. நான் செருப்பைக் கழட்டுறது பொய்யா?”

அவர் குரல் அப்படி ஏறி அவள் கேட்டதே இல்லை. வாடிக்கையாளரை நிறுத்திவைத்துவிட்டு, தளத்துக்குப் புகார் எழுத அவருக்கு உதவினாள். மூன்று நாள் கழித்து, மதியம் இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. பேசியவன் சின்ன வயசுக்காரன் போல இருந்தான். எழுதிவைத்ததைப் படிக்கிற குரல்.

“வணக்கம் சார். நீங்க சொன்ன கருத்தை நாங்க மறுபடி பரிசீலிச்சோம். அது விதிப்படிதான் நீக்கப்பட்டிருக்கு.”

“எந்த விதி தம்பி?”

“கடையோட சம்பந்தப்பட்டவங்க அந்தக் கடையைப் பத்தி எழுதக் கூடாது சார். உரிமையாளர், வேலை செய்றவங்க, குடும்பத்தார்...”

“எனக்குக் குடும்பமே இல்லப்பா. கடையில வேலைக்கும் யாரும் இல்ல. நான் ஒத்தை ஆள்.”

மறுமுனையில் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“யார் எழுதினதுன்னு நாங்க சொல்ல முடியாது சார். ஆனா உங்க பக்கத்தை நிர்வகிக்கிற கணக்குகள்ல ஒண்ணுல இருந்துதான் அது எழுதப்பட்டிருக்கு.”

“என் பக்கத்தைப் பார்த்துக்கிறது நான் மட்டும்தான்.”

“இல்ல சார். ரெண்டு கணக்கு இருக்கு. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு பக்கத்தை முதல்ல ஆரம்பிச்சவங்களோடது.”

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பானரை மேஜையில் வைத்தார்.

“சார், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

“வேண்டாம்ப்பா,” என்று சொல்லிவிட்டு, போனை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

எந்த வீடு, எந்தப் பிள்ளை என்று பத்தொன்பது மாதம் நோட்டைப் புரட்டியவர், சொந்த வீட்டை அதில் எழுதியதில்லை. பள்ளி விடுமுறை நாட்களில் அம்மா வேலைக்குப் போய்விட, பெண் அவரோடுதான் வீடு வீடாக வருவாள். விரித்த துணியின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டுவாள். எட்டு ஸ்க்ரூ, பத்து ஸ்க்ரூ. தும்மினால் கொட்டிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவள் அவரைத் திட்டி எழுதியிருந்தால்கூட அவருக்கு நியாயமாகப் பட்டிருக்கும். யாரோ ஒரு வாடிக்கையாளர் எழுதுவது போல ஒளிந்துகொண்டு நல்லது எழுதியிருக்கிறாளே!

அன்று அவர் மூன்றரை மணிக்குப் போக வேண்டிய வீட்டுக்குப் போகவில்லை. முப்பது வருஷத்தில் சொன்ன நேரத்துக்குப் போகாதது அதுதான் முதல் தடவை. கடை வாசலில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மருந்துக்கடைக்கார அம்மா பக்கத்தின் உள்ளே போய்த் தேடி, இரண்டாவது கணக்கின் மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடித்தாள். கதையைக் கேட்டவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இந்தப் பேரை நிர்வாகத்துல இருந்து எடுத்துட்டா கருத்து திரும்ப வருமான்னு கேட்டுப் பார்க்கலாமாண்ணா?”

“வேண்டாம். அவ பேரு அங்கேயே இருக்கட்டும்.”

“அப்ப கடிதம் எழுதுங்க. நான் அடிச்சுத் தரேன், சொல்லுங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். சொல்லச் சொல்ல என்றாலும் பெரிதாக ஒன்றுமில்லை. ‘நீ எழுதியதை எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கச் சொல்லவில்லை. அப்பா.’ இந்த மூன்று வரி வருவதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். “நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேளுங்கண்ணா” என்றாள் அவள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, அவளுக்குப் புரியவில்லை. ஒரு வேளை என்று அதையும் சேர்த்தே அனுப்பிவிட்டாள்.

பதினோரு நாள் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம் போல “மெக்கானிக் பேசுறேன்” என்றார்.

“மெஷின் ஸ்பின் சுத்தும்போது ஆடுது,” என்றது குரல்.

அவர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். அப்படியே படியில் உட்கார்ந்தார்.

“புது மெஷினா?”

“பழசுதான். வீடு மாத்தினோம். அதுல இருந்து குதிக்குது. இங்க ஒருத்தரைக் கூப்பிட்டேன். நீங்கதான் துணியை அதிகமா போட்டுக் கெடுத்துட்டீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

“அவன் கிடக்கான். மேல கையை வச்சு, குறுக்கால ரெண்டு மூலையையும் மாத்தி மாத்தி அமுக்கு. எந்தக் காலு தூக்குது?”

போனைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு மூச்சு.

“முன்னால வலது பக்கம்ப்பா.”

அந்தக் கடைசி ‘ப்பா’ வரும்வரை அவர் காத்திருந்தது போல இருந்தது.

“அந்தக் காலைக் கையாலயே திருகலாம். தரையைத் தொடுற வரைக்கும் இறக்கு. தொட்டதும் மேல இருக்கிற நட்டை இறுக்கிடு. அதை மறந்தா மறுபடி ஆடும்.”

அவள் செய்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தமும், பிறகு மெஷின் வேகமெடுக்கிற சத்தமும் போனில் கேட்டன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தட்டல் இல்லை, ஆட்டம் இல்லை. அதற்கு நடுவே வேறு ஏதாவது கேட்குமா என்றும் காதைக் கொடுத்தார். பேச்சுக் குரலோ பாத்திரச் சத்தமோ எதுவும் கேட்கவில்லை.

“ஆட்டம் நின்னுடுச்சு,” என்றாள்.

“நல்லது.”

“சரி, வைக்கிறேன்.”

“ம்.”

அதற்குப் பிறகு அவள் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு கூப்பிட்டாள். வேலையைப் பற்றிச் சொன்னாள். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றாள். கணவரைப் பற்றி அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. ஒரு தடவை, எத்தனையோ நாளாக மனதுக்குள் உருட்டிப் பார்த்துவைத்ததை எடுத்தார்.

“அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது...”

“அப்பா, மெஷின் முடிஞ்சிருச்சு. துணியைக் காயப்போடணும். அப்புறம் பேசலாமே,” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. ஆனால் கதவு அவ்வளவுதான் திறக்கும் என்று அவருக்குப் புரிந்தது.

“போ, போய்க் காயப்போடு,” என்றார்.

அந்த வருஷம் அவள் வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். ஞாயிறுகளில் பத்து மணிவாக்கில் அவர் எந்த வீட்டு வேலையையும் ஒப்புக்கொள்வதில்லை. பதினொன்று வரை பார்ப்பார். போன் அடிக்காவிட்டால், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போவார்.