தாய்ப்பத்திரம் இல்லாத நிலம்

அண்ணன் போனில் கூப்பிட்டது ஒரு புதன்கிழமை.

"திங்கக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸாண்ட வந்துடு பாப்பா. அப்பா நெலத்துக்கு பட்டா பேர் மாத்தணும். ஒரு கையெழுத்துதான். உங்கிட்ட கீற அப்பா பைபிளுக்குள்ள ஒரு பழைய தாள் கீதே, அத்தயும் மறக்காம எட்த்துகினு வா."

நான் பொத்தேரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். 'ஒரு கையெழுத்துதான்' என்று சொல்லி, கலங்கி நிற்கும் உறவினர்களிடம் தினமும் தாள்களை நீட்டுகிறவள். அதனாலேயே அந்த வார்த்தையை நான் நம்புவதில்லை. எழுதி வைத்திருப்பதைப் போனில் அனுப்பச் சொன்னேன். முனகிக்கொண்டே அனுப்பினான்.

ஆறு பக்கம். மேலே 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. பாத்தியதை, பின்னம், சொத்து விவரம் என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு முட்டுக்கட்டை. ட்யூட்டி ரூமில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். பட்டாவில் பேர் மாற்றுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. 'பிரிபடாத பாதி பாகம்' என்பது மட்டும் புரிந்தது. அந்தப் பாதி நான்தான்; அதை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு வாரிசு நாங்கள் இரண்டு பேர். மாமல்லபுரம் போகும் வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே பிரிகிற எங்கள் ஊரில் அறுபது சென்ட் நிலம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களுக்கு அது ஒன்றுதான் சொந்தம். என் கூடப் பிறந்தவன் அதை என்னிடம் மறைத்து வாங்கப் பார்க்கிறான்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனேன். அங்கே யாரைக் கேட்டாலும் 'நமக்குத் தெரிஞ்ச வக்கீல்' ஒருவர் இருக்கிறார். ஸ்டாம்ப் விற்கிறவர் காட்டிய வக்கீலுக்கு ஏசி அறை. நான் சொல்லி முடிப்பதற்குள் சர்வே நம்பர் என்ன, ஊர் எது என்று கேட்டு எழுதிக்கொண்டார். "தாராளமா போடுங்கம்மா, ஃபேமிலி மேட்டர்தானே" என்று அனுப்பிவிட்டார். பேருந்து சிங்கப்பெருமாள் கோவில் தாண்டுவதற்குள் அண்ணன் போன்.

"இன்னா பாப்பா, வக்கீல்லாம் பாக்க ஆரம்பிச்சிட்டியா?"

யார் சொன்னது என்று கேட்டேன். "யாரோ சொன்னாங்க, வுடு" என்றான். எங்கள் நிலத்தை யாரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்கள், அந்த யாரோவுக்கு வக்கீல் அறைக்குள்ளும் ஆள் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை யாரையும் கேட்கவில்லை. கோர்ட் எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, எந்த வக்கீலிடம் எந்த மாதிரி ஆட்கள் போகிறார்கள் என்று ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். ஜெராக்ஸ் கடை மாடிக்கு மட்டும் எங்கள் ஊர்ப் பெண்களைப் போன்றவர்கள், கையில் மஞ்சள் பையோடு ஏறி இறங்கினார்கள். நானும் ஏறினேன்.

மேலே இருந்த வக்கீல் என் வயதுப் பெண். மேசை நிறையக் கட்டுகள். சர்வே நம்பரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"அத்த அப்புறம் சொல்லுங்க. மொதல்ல பேப்பரக் காட்டுங்க."

பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? தாய்ப்பத்திரம் எங்க?" என்றார். முதன்முதலில் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று காட்டும் மூலப் பத்திரம் என்று அவரே விளக்கினார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. எங்கள் வீட்டில் பேசவே வெட்கப்பட்ட விஷயம் அது. 'நம்மகிட்ட பத்திரம் கெடையாது, எவன்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க' என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பத்திரம் இல்லாததால் எந்த நாளும் யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். தலையைக் குனிந்துகொண்டு, பைபிளில் இருந்த அந்தப் பழுப்புத் தாளை எடுத்து வைத்தேன். அப்பாவின் தாத்தா பெயர் அதில் இருந்தது. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.

அவர் அதை விரித்து வைத்து வரிவரியாகப் படித்தார். பிறகு தாலுகா ஆபீஸில் அ-பதிவேட்டு நகல் கேட்டு எழுதிப் போடச் சொன்னார். நிலம் யாருடையது, என்ன வகை என்று சர்க்கார் எழுதி வைத்திருக்கும் புத்தகம் அது. சாயங்காலம் நகலோடு திரும்பி வந்தபோது, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"வெலைக்கு வாங்கனாதாம்மா தாய்ப்பத்திரம். இத்த உங்க ஆளுங்க வாங்கல. நெலம் இல்லாத தாழ்த்தப்பட்டவங்களுக்குன்னு அந்தக் காலத்து சர்க்கார் குடுத்தது. பத்திரம் இல்லாதது குறை இல்ல. இந்தத் தாள்தான் உங்களுக்கு எல்லாம். ஆனா நிபந்தனை கீது. தாழ்த்தப்பட்டவங்க இல்லாத வெளி ஆளுக்கு விக்கக் கூடாது. வித்தா அந்த விற்பனை செல்லாது, சர்க்கார் திருப்பி எடுத்துக்கும். அண்ணனுக்கு நீங்க விடுதலை எழுதறது தப்பில்ல. எழுதி வாங்கிட்டு அவரு யாருக்கு விக்கப் போறாருன்னு கேளுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருஷம் வீணாக வெட்கப்பட்டிருக்கிறோம்.

திங்கட்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அண்ணன் நின்றிருந்தான். கையில் தட்டு, அதில் வாழைப்பழம், பூ, பச்சை நிறப் பட்டுச்சேலை. எங்கள் பக்கம் தங்கை விடுதலை எழுதிக்கொடுத்தால் அண்ணன் சேலை வைத்துக் கொடுப்பது வழக்கம். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், கோவளத்தில் ரிசார்ட் நடத்துகிறவரின் ஆள். அவர் என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் இரண்டு டோக்கன்தான் பாக்கி.

அண்ணனைப் புங்க மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அவருக்கு விக்கத்தானே? பட்டான்னு ஏண்ணா பொய் சொன்ன?"

அவன் தட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

அ-பதிவேட்டு நகலை நீட்டினேன். "இது வெளி ஆளுக்கு விக்கற நெலம் இல்லண்ணா. வித்தா சர்க்கார் எடுத்துக்கும். ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடும்."

அவன் நகலைப் பார்க்கவே இல்லை. "தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"அந்தாளுதான் சொன்னாரு. நெலம் எப்டியும் ஒரு நாள் போவும், இப்பவே வித்துடுன்னாரு. ரெண்டு பொண்ணு வச்சிகினு இன்னும் எத்தினி வருசம் நான் லோடு வண்டி ஓட்டறது? அதான் மொதல்ல உன் பேர எட்த்துடலாம்னு பாத்தேன். வம்பு வந்தா என்னோட போவட்டும். உனுக்கு வேலை கீது, புள்ளைங்க கீது. கோர்ட்டு வாசல்ல நீ நிக்கக் கூடாது."

என்னைக் காப்பாற்றத்தான் ஏமாற்றினானா, மாட்டிக்கொண்டதும் அப்படிச் சொன்னானா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. ஐந்து நாளாக அவனைத் திருடன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், நீட்டிய நகலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

உள்ளே எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அண்ணன் அசையவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். பிறகு அடுத்த நம்பருக்குப் போய்விட்டார்கள்.

அண்ணன் தட்டிலிருந்த சேலையை மட்டும் எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். "உனுக்குன்னு வாங்கனது. கடைல திருப்பி எடுத்துக்க மாட்டான்."

கையெழுத்துப் போடாமலே அதை வாங்கிக்கொண்டேன்.