இரண்டு கைக்கும் ஒரே உத்தரவு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, அக்காள் விட்டுப்போன பிள்ளை. பனியன் கம்பெனியில் மடிக்கிற மேஜையில் எனக்கு ஈடாக ஆள் கிடையாது. மடிக்கும்போது இரண்டு கையும் ஒரே மாதிரி போகவேண்டும். எனக்கு அது தானாகப் போகும். பிசிறு வெட்டுகிற கத்தரியை மட்டும் தரமாட்டார்கள். வலது கை வெட்ட, துணியைப் பிடித்திருக்கும் இடது விரல்களும் கூடவே விரியும், துணி நழுவிவிடும். அதை நான் குறையாக எண்ணியதில்லை.

நான் இருப்பது வீரபாண்டியில், மூத்தவனோடு. கடைசி மகன் நல்லூரில் நாலு மிஷின் போட்டுத் தைக்கிறான். அவன் மகள் ஒன்றாம் வகுப்பில் எழுதத் தொடங்கியதும், வலது கை அசைகிறபடியே இடது கையும் அசைந்து நோட்டைக் கசக்கியது. சேட்டை என்று நினைத்து, பனியன் வேஸ்ட் துணியைக் கிழித்து அந்தக் கையை நாற்காலியோடு கட்டி எழுத வைத்தான். பிள்ளை பென்சிலையே தொடமாட்டேன் என்றுவிட்டாள். மருமகளுக்குப் பிறந்த ஊர் மடத்துக்குளம். அவள் பிறந்த வீட்டுச் சீக்கு என்று பழி வேறு. கோயம்புத்தூர் டாக்டரிடம் போகும்போது என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் இதெல்லாம் என் காதுக்கு வந்தது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் பக்கம் இல்லை என்றான் மகன். நான் வலது கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இடது கையும் தொட்டது.

"இருக்குதுங்க. எங்கிட்ட இருந்துதான் போயிருக்குது."

மருமகள் அவனைப் பார்த்தாள். "ஏனுங்க, அத்தையையும் கட்டிப்போட்றலாமுங்களா?"

எனக்கும் மகனுக்கும் பேத்திக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு டாக்டரம்மா சொன்னார். நரம்பு செல்லின் மேற்புறத்தில் ஏற்பிகள் என்று சில புரதங்கள் உண்டாம். அந்தப் புரதங்களிலேயே குடும்பம் குடும்பமாகப் பல வகை உண்டாம். கருவில் நரம்பு நூல் போல நீளும்போது, இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் போகாதே என்கிற சைகையை நுனியில் இருந்து வாங்கிக்கொள்வது அவைதாமாம். அதில் ஒன்று எங்களுக்குக் குறைவு. நடுவில் தாண்டவேண்டிய நரம்புகள் சில தாண்டாமல், ஒரு கைக்கான உத்தரவு இரண்டுக்கும் போகிறது. மகனுக்கும் இருக்கிறதாம், வெளியே தெரியவில்லை. மருந்து கிடையாது, புத்திக்குக் கேடும் கிடையாது. கட்டினால் கை திருந்தாது, பிள்ளை பயப்படுவதுதான் மிச்சம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் நாற்காலியில் கிடந்த அந்தக் கட்டுத்துணியை அவிழ்த்து, மிஷின் எண்ணெய் துடைக்கப் போட்டான்.

பேத்தி இப்போது மூன்றாம் வகுப்பு. நோட்டை அட்டையில் கிளிப் போட்டு எழுதுகிறாள். பள்ளியில் கேலி செய்வார்கள் என்று இடது கையை மடியில் ஒளித்துக்கொள்வாள். இதை நான் எழுத்துக் கூட்டி எழுதினேன். எழுதும்போது என் இடது கையும் வெறும் மேஜையில் எழுதிக்கொண்டுதான் இருந்தது.

கண்ணு, இங்க வா. அப்பாயி எழுதுனதைப் படிச்சுக் காட்டு. ரெண்டு கையும் மேஜை மேலயே இருக்கட்டும்.