அழகிரிக்கு விட்ட தண்ணீர்

அழகிரியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகம் இல்லை. ராணுவத்தில் லாரி ஓட்டினான். கார்கில் சண்டை நடந்த கோடையில் மலைமேல் இருந்தவர்களுக்கு மண்ணெண்ணெயும் உருளைக்கிழங்கும் ஏற்றிப் போனான். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போனான். முப்பது வயதுகூட ஆகவில்லை.

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் தமிழ்மணிக்கு அந்தச் சாவு போதவில்லை. தம்பி குண்டடிபட்டு இறந்ததாகவே ஊரெல்லாம் சொன்னார். புரட்டாசி மகாளயத்தில் ஆயுதத்தால் இறந்தவர்களுக்கென்று ஒதுக்கிய சதுர்த்தசியன்று, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் வருஷம் தவறாமல் எள்ளும் தண்ணீரும் விட்டார். அவன் இறந்த ஆடி மாதத் திதியைக் கண்டுகொள்ளவே இல்லை.

"படுக்கையில கெடந்து செத்தவனுக்கு விடுற மாதிரி விடச் சொல்றியா?" என்று அழகிரியின் மனைவி கலைமதியிடம் ஒருமுறை சீறினார். அவள் அப்போதே பேசியிருக்கலாம்.

அழகிரி கடைசியாகப் போன் செய்தது பாலக்கரை எஸ்.டி.டி. பூத்துக்கு. கலைமதி தன் முறைக்காகப் பக்கத்தில் நின்றிருந்தாள். ரிசீவரைப் பிடித்திருந்த தமிழ்மணி சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்தது.

"சண்டை நடக்குறப்ப காய்ச்சல்னு போய்ப் படுத்தா நாலு பேரு சிரிக்க மாட்டானாடா? மாத்திரையப் போட்டுக்கிட்டு வண்டிய எடு."

அவள் கைக்கு வருவதற்குள் லைன் போய்விட்டது. அண்ணன் சொல்லைத் தட்டமாட்டான் என்பதை அழகிரியின் நல்ல குணமாக வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குணம்தான் அவனைக் கொன்றது.

இந்த வருஷம் வழக்கமான சாஸ்திரிகளுக்கு உடம்பு முடியவில்லை. அவருடைய மகன் வந்திருந்தார். அப்பா கேட்காததை அவர் கேட்டார்.

"சதுர்த்தசியில பண்றேளே, எப்படிப் போனார்?"

"குண்டு பட்டு, சாமி. கார்கில்ல."

"காய்ச்சல்" என்றாள் பின்படியில் நின்ற கலைமதி.

தமிழ்மணி திரும்பிப் பார்க்கவில்லை. "அதுக்கு ஒண்ணும் தெரியாது சாமி. நீங்க சொல்லுங்க."

"தெரியும் மாமா. நீங்க போன்ல பேசுனப்ப பக்கத்துலதானே நின்னேன்."

தமிழ்மணி கையில் ஏந்தியிருந்த எள்ளுத்தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது.

"காய்ச்சல்னா இன்னிக்கு அவருக்கு இல்லை. அவர் திதியிலதான் விடணும். இத்தனை வருஷமா விட்டதெல்லாம்..." இளைய சாஸ்திரிகள் முடிக்கவில்லை. "எதுன்னு நீங்களே சொல்லுங்கோ."

ஒரு வார்த்தை போதும். தம்பி இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகாவது தன் சாவையே சாவான். ஆனால் காய்ச்சல் என்று ஒப்புக்கொண்டால், அந்தக் காய்ச்சலோடு அவனை வண்டி எடுக்கச் சொன்னது யார் என்ற கேள்வி பின்னாலேயே வரும். தமிழ்மணி மறுபடி தண்ணீரை அள்ளினார்.

"குண்டுதான் சாமி. ஆரம்பிங்க."

எல்லாம் முடிந்ததும் கலைமதி சாஸ்திரிகளிடம் போனாள். "ஆடி வளர்பிறை சப்தமிங்க. அடுத்த வருஷம் நான் வரேன். நானே விடுறேன்."

"பொம்மனாட்டிகள் விடற வழக்கமில்லையேம்மா. பிள்ளை இருக்கானா?"

"இல்லீங்க."

"அப்போ கூடப்பொறந்தவர்தான் விடணும்."

கூடப்பிறந்தவர் மேல்படியில் நின்று ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார். "வெயில் ஏறுது."