எக்ஸ்ரேயில் தெரிந்த தழும்பு

எக்ஸ்ரே எடுத்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு முடிந்துவிட்டது என்று வெளியே உட்காரச் சொன்னார்கள். என் கணவரை மட்டும் மறுபடி உள்ளே கூப்பிட்டு இன்னொரு படம் எடுத்தார்கள். பிறகு இருவரையும் டாக்டர் அறைக்கு வரச் சொன்னார்கள்.

டாக்டர் அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

“இதுக்கு முன்னாடி டி.பி. வந்திருக்கா?”

“இல்லீங்க சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்க. சின்ன வயசுல மாசக்கணக்கா மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?”

“இல்லீங்க சார். காய்ச்சல்னு படுத்ததே கம்மிங்க.”

டாக்டர் அதை எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு தழும்பு தெரிகிறது, ஆறிய பழைய புண்ணாக இருக்கலாம், இப்போதைய நோயாகவும் இருக்கலாம், சளியைச் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். சளி கொடுக்க அடுத்த வாரம் வரச் சொன்னார்.

நாங்கள் கோயம்புத்தூருக்குப் போயிருந்தது கனடாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான மருத்துவப் பரிசோதனைக்கு. நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் கெமிஸ்ட். வாங்குபவர்கள் அனுப்பும் துண்டுத்துணியின் நிறத்துக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கொடுப்பது என் வேலை. படிப்பு, அனுபவம், ஆங்கிலத் தேர்வு எல்லாம் என் பெயரில் இருந்ததால் விண்ணப்பதாரர் நான். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், என்னைச் சார்ந்தவர். டிபென்டன்ட். எங்கள் விண்ணப்ப வேலைகளைப் பார்த்த கன்சல்டன்ட் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவர் சிரித்தார். “இனி நீ சொல்றதத்தான் நான் கேக்கோணுமாட்ட இருக்குது” என்றார். விஷயத்தைக் கேட்ட அவருடைய சொந்தக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் கணவர்தான் வண்டியை ஓட்டினார். அவிநாசி பைபாஸில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார்: “பஞ்சுத் தூசியா இருக்குமோ?”

“இருக்கலாமுங்க” என்றேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கன்சல்டன்டுக்குப் போன் போட்டேன். போன் ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமலே அவர் பேசினார். “ஒருத்தர் மெடிக்கல்ல நின்னா ஃபைலே நின்னுரும் மேடம். சாரை விட்டுட்டு நீங்க மட்டும் போறதா மாத்தினாலும் அவர் பாஸ் ஆகணும். திரும்ப அப்ளை பண்ணா உங்க வயசுக்குப் பாயின்ட்ஸும் கொறஞ்சிருக்கும்.”

கணவர் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டில் மாமியாரிடம் அவரே சொன்னார். அத்தை ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். “தூசியாத்தான் இருக்குங் கண்ணு” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். அன்று அத்தை சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, கணவர் துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு பல்லடம் போனபிறகு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் அத்தை வந்து நின்றார்.

“அம்மிணி, சித்த உக்காரு.”

உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை.

“அவனுக்கு ஏழு வயசுல வந்துச்சு. இருமல் நிக்கவே இல்ல. ஆஸ்பத்திரில டி.பி.ன்னுட்டாங்க. மருந்தெல்லாம் குடுத்துச் சரியாப் போச்சு. அவனுக்கே தெரியாது. சத்து மாத்திரைன்னு சொல்லித்தான் குடுத்தேன்.”

“யாருக்குமே தெரியாதுங்களா?”

“உங்க மாமனாருக்குத் தெரியும், அவரு போய்ச் சேந்துட்டாரு. கணியூர்ல என்ற தங்கச்சிக்குத் தெரியும். அவ ஊட்லதான் அவனை வெச்சிருந்தேன். ஒறம்பரை, சொந்தபந்தத்துக்குத் தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? உங்க ஊட்டுக்கும்தான் மறைச்சேன். அதுக்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா, இத அங்க சொல்லிப் போட்டா, உன்னைய மட்டும் கூப்புட்டுக்கிட்டு அவனை வேண்டாம்னுருவாங்களா?”

அவருடைய கைகள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தன. என் பெற்றோரிடம் மறைத்ததைப் பற்றி எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வெகுநாள் கழித்துத்தான். அப்போது என் மனதில் இருந்ததெல்லாம் கோயம்புத்தூரில் கணவர் போட்டுவிட்டு வந்த கையெழுத்துதான். ‘இல்லை’ என்று எழுதிய இடத்துக்குக் கீழே போட்டது. பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவு செய்தால் சில வருடங்கள் விண்ணப்பிக்கவே முடியாது என்று எங்களிடம் முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

போனில் கேட்டபோது கன்சல்டன்ட் வேறு மாதிரி சொன்னார். “சாருக்கே தெரியாத விஷயம் மேடம். அப்படியே விட்டுருங்க. டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தா யார் கேக்கப் போறாங்க?”

அவர் சொன்னபடி விட்டுவிடலாமா என்று அன்று முழுவதும் யோசித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்ட ஒன்றை என் கணவருக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் ஒரு வேளைச் சோறுகூடத் தின்ன முடியாது என்று தோன்றியது. சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். மெஷின் இரைச்சலில் நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினார். திரும்பச் சொன்னேன்.

நூல்கோன் ஒன்றை எடுத்து, பிரிந்திருந்த நூலைத் திரும்பச் சுற்றிக்கொண்டே பேசினார்.

“கணியூர் ஞாபகம் இருக்குது. தெனம் ரண்டு முட்டை குடுப்பாங்க. சித்திக்கு எம்மேல அத்தனை பாசம்னு இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன்.”

“பாசமும்தானுங்க.”

கோனைக் கீழே வைத்தார். “நீ மட்டும் போறதுக்கு வழி இல்லைன்னு அன்னிக்கு அந்தாளு சொன்னானே, முன்னாடியே நீ அவங்கிட்டக் கேட்டிருந்தியா?”

“இல்லீங்க. அவராத்தான் சொன்னாரு.”

என் முகத்தை உற்றுப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. மெஷினை மறுபடி ஓடவிட்டார். அதன்பின் அம்மாவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். தட்டு வைத்தால் சாப்பிடுவார். எழுந்து போய்விடுவார்.

சளி கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அவராகவே, “டாக்டர்கிட்டச் சொல்லீரலாம். போறது போகட்டும்” என்றார். எனக்கு அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்தது. ஆனாலும், சரியென்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அன்னிக்கு ஏன் சொல்லல?”

“போன வாரந்தான் எனக்கே தெரியுமுங்க சார்.”

“யார் சொன்னாங்க?”

“அம்மா.”

“அவங்களைக் கூட்டிட்டு வாங்க. எத்தனை மாசம், என்ன மருந்து, முழுசா முடிச்சாங்களான்னு அவங்க வாயால கேக்கணும்.”

மறுநாள் அத்தையும் எங்களோடு வந்தார். காரின் பின்சீட்டில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மகனோ கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை. டாக்டர் அறையில் அத்தை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“நடுவுல மருந்தை விட்டீங்களாம்மா?”

“ஒரு நாளுங்கூட வுடலீங்க சாமி. வாந்தி எடுத்தான்னா, மறுக்காக் குடுப்பேன். அழுவான். மூக்கைப் புடிச்சுக் குடுப்பேன்.”

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். விண்ணப்பம் என்ன ஆகும் என்று கேட்டேன். “முடிவு பண்றது நான் இல்ல. நீங்க சொன்னதை அப்படியே அனுப்புவேன்” என்றார்.

அதன்பிறகு கணவர் மூன்று நாள் காலை வெறும் வயிற்றோடு போய்ச் சளி கொடுத்தார். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு மாதமாவது ஆகும் என்றார்கள். அந்த நாட்களில் அவர் லேசாகச் செருமினாலும் நானும் அத்தையும் திரும்பிப் பார்ப்போம். அதைக் கண்டுகொண்டு, செருமல் வந்தால் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். எனக்கு லேபில் கை ஓடவில்லை. ஒரு பச்சை நிறம் நான்கு தடவை போட்டும் கூடிவரவில்லை.

அதற்குள் விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. குன்னத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் கணவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தை பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். எதிர்வரிசையிலிருந்து, கணவருக்குப் பெரியம்மா முறையாகும் ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“ஏஞ்சாமி, கனடாக்காரன் உன்னைய வேண்டாம்னுட்டானாமா? உடம்புல என்னமோ கோளாறுங்கறாங்க?”

பரிமாறிக்கொண்டிருந்தவரின் கரண்டி நின்றது. கணவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டார்.

“கோளாறு ஒண்ணும் இல்லீங்க அக்கா. சின்னதுல அவனுக்கு டி.பி. வந்துச்சு. மருந்து குடுத்து நல்லாப் பண்ணுனேன். ஒருத்தருக்கும் சொல்லல, என்ற மருமக ஊட்டுக்குங்கூடச் சொல்லல. இப்ப டெஸ்ட் பண்றாங்க, பண்ணட்டும். வேற என்னங்க தெரியோணும்?”

பெரியம்மா அப்பளத்தை நொறுக்கத் தொடங்கினார். கணவர் நிமிர்ந்து பார்த்தார். தன் பக்கத்தில் காலியாக இருந்த இலையைத் தட்டினார்.

“அம்மா, நின்னுட்டே இருக்காத. வந்து உக்காரு.”

அத்தை வந்து உட்கார்ந்தார். என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கணவர் அவர் இலைக்கு இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கினார்.

கல்ச்சர் முடிவு ஒரு வேலைநாளின் மதியம் வந்தது. கிருமி இல்லை. ஆனால் விண்ணப்பம் தப்பியதா என்பது அதற்குப் பிறகும் பல வாரங்கள் தெரியவில்லை. ஒருநாள் மின்னஞ்சலில், விசா ஒட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டிருந்தார்கள். அங்கே போய் இறங்கியதும் கணவர் சுகாதாரத் துறையில் போய்த் தன்னைக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அவ்வளவுதான். லேபின் பின்வாசலில் நின்று அதை மூன்று முறை படித்த பிறகே அவருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் மெஷின் சத்தம் நின்றது.

“அம்மாகிட்ட நீயே சொல்லு” என்றார். “நாஞ்சொன்னா அழுதுரும்.”

நான் சொன்னபோதும் அத்தை அழத்தான் செய்தார்.