பள்ளிக்குப் போன கிற்றார் பெட்டி

குவைத்திலிருந்து வந்திறங்கிய அன்று, பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டதும் நூஹு தேத்தண்ணீர்க் கோப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். சாய்ந்தமருதில் அவன் வீட்டுக்கு நாலு வளவு தள்ளித்தான் பள்ளிவாசல். பாங்கு சொன்னது மோதினார் மீராசாஹிபு. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல். ஆனால் அந்தக் குரல் நடுங்கியது. அழுகிறவனின் நடுக்கமில்லை, வயதின் நடுக்கமும் இல்லை. கரையில் அலை வந்து வந்து போகிற மாதிரி ஒரே சீரான நடுக்கம்.

"என்ன மனே அப்புடிப் பாக்காய்?" என்றார் வாப்பா கச்சிமுகம்மது. "சூறாவளிக்குப் பொறகு மோதினாருக்கு அல்லாஹ் குடுத்த குரல் இது. கேட்டா நெஞ்சு இளகும். மருதமுனையில இரிந்தெல்லாம் ஆக்கள் வந்து கேட்டுப் போறாங்க."

அந்த நடுக்கத்தை நூஹுவுக்குத் தெரியும். ஒரு காலத்தில் தன் வலது காலால் அதை ஓடவிட்டவனும் நிறுத்தியவனும் அவன்தான்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருசம், வாப்பாவின் அரிசி லொறியோடு பண்டாரவளைக்குப் போன நூஹு, அரிசி விற்ற காசுக்கு ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்பில் கிடந்த கிற்றார் அம்பிளிபயர். தூக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே கண்ணாடி வால்வுகள். சூடேற ஒரு நிமிசமாகும், சூடேறினால் அடுப்புத் தணல் மாதிரிச் சிவக்கும். அதில் ஒரு திருகாணியைத் திருகினால் கிற்றாரின் நாதம் நீண்டு நடுங்கும். வேண்டாமென்றால் காலடியில் கிடக்கும் சுவிச்சை மிதிக்க வேண்டும். அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் அவன் கிற்றார் வாசிக்க, காரைதீவு நல்லரெத்தினம் அக்கோடியன் வாசிக்க, கல்முனைப் பக்கத்தில் இந்த இரண்டு பேருக்கும் அப்படியொரு பேர் இருந்தது!

வாப்பாவுக்கு மட்டும் அது சைத்தானின் பெட்டி. அந்த அரிசிக் காசுக்கு ஈடாக இரண்டு போகம் வயலில் மாடாய் உழைத்துக் கழித்தான் நூஹு. அதன் பிறகு பெட்டி அவனுக்கே அவனுக்கு. எழுபத்தெட்டில் குவைத்துக்கு வயரிங் வேலைக்குப் போனதும் வாப்பாவின் பிடிவாதத்தால்தான். கிற்றாரை நல்லரெத்தினத்திடம் கொடுத்தான். பெட்டியை வீட்டில் வைத்தான். அந்தக் கார்த்திகையில் சூறாவளி அடித்தது. பிறகு ஊரிலிருந்து வந்த கசட்டில் வாப்பாவின் குரல் சொன்னது: "எல்லாரும் சுகம் மனே. கூரை போயித்து. உன்ட பெட்டியும் வெள்ளத்தோட போயித்து." பாலைவனத்துக் கொட்டகையில் நூஹு அந்தக் கசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். வீடு போனதற்கு அவன் அவ்வளவு அழவில்லை.

இப்போது, நாளுக்கு ஐந்து நேரம், வெள்ளத்தோடு போன பெட்டி பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது.

கேட்டுப் பார்த்தான். "சூறாவளியோட போன சாமானை இன்னுமா தேடுறாய்?" என்று வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பள்ளிக்குள் போய் ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும் அலுமாரியைத் திறந்து பார்க்க அவனுக்கு நியாயமில்லை. கல்முனைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் கடை போட்டான், காத்திருந்தான்.

எண்பத்து நாலு நோன்புக்குச் சற்று முன்பு பள்ளி ஒலிபெருக்கி ஊமையாயிற்று. சவூதியில் வேலை செய்கிற ஊர்ப் பொடியன்கள் புதுசு ஒன்று அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் பள்ளியை நிர்வகிக்கும் மரைக்கார்மார் பழையதைத் திருத்த முடியுமா என்று பார்க்கச் சொல்லி நூஹுவின் கடைக்கே அனுப்பினார்கள். அன்று நல்லரெத்தினமும் கடையில் இருந்தான்.

"என்னடா இது, சவப்பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சிரிக்கானுகள்?"

"கைய வையாத. வயர் கழட்டினாலும் உள்ளுக்குக் கரண்ட் நிக்கும்."

"அப்ப நீ வையி. நீதானே குவைத்து இஞ்சினியர்!"

பெட்டியின் முகத்தில் பேரிருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. திருகாணிகளின் தண்டுகள் வாளால் அறுக்கப்பட்டு, மேலே தகரம் ஆணியடிக்கப்பட்டிருந்தது. பெரிய ஸ்பீக்கர்கள் இருந்த இடம் வெறுமை. கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய்களுக்காக வேறொரு ட்ரான்ஸ்போமரை யாரோ திணித்திருந்தான். பழையது வயர் வெட்டப்பட்டு அதன் இடத்திலேயே துருப்பிடித்துக் கிடந்தது. கால் சுவிச்சு இல்லை. சுவிச்சு இல்லாவிட்டால் அந்த நடுக்கத்தை நிறுத்த வழியேது? அது பாட்டுக்கு ஆறு வருசமாக ஓடியிருக்கிறது!

இதெல்லாம் வேறொரு பெட்டியாகவும் இருக்கலாமே என்று அவன் மனசு ஒரு கணம் கெஞ்சியது. பிறகு டோர்ச்சை உள்ளே அடித்தான். வயர்களைக் கத்தையாக்கி ஒரு சிவப்பு நூல் சுற்றியிருந்தது. மருதமுனைத் தறிக்காரர் வீட்டில் கேட்டு வாங்கிய சாரன் நூல். அந்த முடிச்சு அவன் போட்டது.

நல்லரெத்தினம் எட்டிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். "டேய் நூஹு! அப்ப ஆறு வருசமா ஊரே உன்ட கிற்றார் பெட்டிக்குத்தான் அழுதிருக்கு!"

நூஹு சிரிக்கவில்லை. சிவப்பு நூலை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

அடுத்த நாள் மாவடிப்பள்ளி ஊரிலுள்ள தங்கள் வயலுக்குப் போனான். வாப்பா வயல் குடிலான வாடியில் இருந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, பெட்டியப் பள்ளிக்குக் குடுத்த நீங்கதானே?"

கோணி ஊசி நிற்கவில்லை. "ஓம். நான்தான். அந்தக் காத்துல புள்ள குட்டியோட உசிர் தப்பினாப் பள்ளிக்கி ஒரு சாமான் தாறண்டு நேந்தன். சைத்தான்ட வீட்டுல கிடந்தத அல்லாஹ்ட வீட்டுல வச்சன். இதுல என்ன பிழை?"

"உங்கட மாட்ட நேந்திரிக்கலாமே. அது என்ட சாமான் வாப்பா. அடுத்தவன்ட பொருள அல்லாஹ்ட பேருல வக்பு பண்ண ஏலுமா?"

இப்போது ஊசி நின்றது. வாப்பா நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. அதுதான் நூஹுவை வெட்டியது.

"இதப் பள்ளியில செல்லப் போறியா? கச்சிமுகம்மது மகன்ட சாமானக் களவெடுத்து அல்லாஹ்க்குக் குடுத்தான் எண்டு செல்லப் போறியா? செல்லு மனே. போய்ச் செல்லு."

சொல்ல முடியாது. எந்த மகனால் முடியும்? சும்மா தாருங்கள் என்று கேட்கவும் முடியாது. பள்ளிக்கு வக்பு செய்த பொருளைத் திருப்பிக் கொடுக்க எந்த மரைக்காருக்கும் துணிவு வராது. மிச்சம் ஒரே வழிதான். பள்ளிக்கு உதவாத சாமானை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு முற்றத்தில் ஏலம் போடுவார்கள். செத்த பெட்டியை அவனைத் தவிர யார் கேட்கப் போகிறார்கள்?

அதுவரைக்கும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. பிறத்தியான் திணித்த ட்ரான்ஸ்போமரைக் கழற்றினான். பழையதன் துருவைச் சுரண்டி வயரைத் திரும்ப இணைத்தான். வீங்கிப்போன கண்டென்சர்களை வெட்டியெறிந்து, பழைய ரேடியோக்களில் தேடிப் பொறுக்கியவற்றைச் சொல்டர் பண்ணினான். அறுத்த தண்டுகளுக்குப் பித்தளைக் குழாய் செருகினான். கால் சுவிச்சுக்கு ஒரு கதவு மணியின் பொத்தான். பச்சைப் பெயின்டை மட்டும் தொடவில்லை. தொட்டால் ஊர் கண்டுபிடித்துவிடும். நல்லரெத்தினம் கிற்றாரைக் கொண்டுவந்தான். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, மேசையில் கிடந்த ஒரு ஸ்பீக்கரை மாட்டி, வால்வு சிவக்கும்வரை இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தார்கள்.

ஒரு தந்தியைத்தான் தட்டினான். ஒன்றே ஒன்று. அது எழும்பி, அறையை நிறைத்து, நடுங்கி, சாகாமல் நின்றது. நூஹு பொத்தானை மிதித்தான். நடுக்கம் நின்றது. மறுபடி மிதித்தான். வந்தது!

"மச்சான், திரும்பவும் தொடங்குவமா?" என்றான் நல்லரெத்தினம்.

"ஏலம் முடியட்டும்."

உள்ளே ஒரு வயரைக் கழற்றி விட்டு, தகரத்தைத் திரும்ப அடித்து, பள்ளிக்கு அனுப்பினான். மரைக்காரிடம் "இனி இது பேசாது" என்றான். பொய் சொன்ன வாய் கசந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன் சந்தோசமாகவே இருந்தான்.

ஜும்ஆ முடிந்தது. முற்றத்தில் தேங்காய்க் குலை போயிற்று, இரண்டு சேவல் போயிற்று. பெட்டியைத் தூக்கி வைத்தபோது மோதினார் மீராசாஹிபு எழும்பினார்.

"மரைக்கார், ஒரு வார்த்த. இந்தப் பெட்டியாலதான் என்ட குரல நாலு பேர் கேட்ட. ஆறு வருசம் அல்லாஹ்ட பேரு இதுக்குள்ளால போயிரிக்கி. இத ஏலத்துல ஒருத்தன் எடுத்து நாளைக்கிப் பாட்டுக் கச்சேரிக்கி வச்சா? இல்லாட்டி உடைச்சி ஈயத்துக்கு வித்தா?" கிழவர் பெட்டியின் மேல் கையை வைத்தார். "கிழிஞ்ச குர்ஆன் ஏட்டக் கடல்லதானே விடுறம். இதையும் அப்புடிச் செய்ங்க. எனக்காகச் செய்ங்க."

யாரோ "சரியான கதை" என்றார்கள். முன்வரிசையில் கச்சிமுகம்மது நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் குடுத்த சாமான். எனக்கும் அதுதான் விருப்பம்" என்றார்.

மரைக்கார் நூஹுவைத் திரும்பிப் பார்த்தார். "நூஹு, திருத்தின ஆள் நீ. ஒருக்காத் திரும்பக் கேக்கன். இது இனிப் பேசாதுதானே?"

பேசும் என்றால் பெட்டி பிழைக்கும், பள்ளியிலேயே இருக்கும், அவன் பொய்யன் ஆவான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நேரே வாப்பாவிடம் போய் நிற்கும். வாப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், வாடியில் பார்த்த அதே கண்ணால்.

"பேசாது" என்றான் நூஹு.

பாரமான பெட்டி. ஒரு பக்கம் அவனே பிடித்தான். மறுபக்கம் ஒரு மீன்காரன். ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு ஊரே பின்னால் வந்தது. கரையில் தோணி நின்றது. ஏற்றும்போது பெட்டிக்குள் எதுவும் ஆடவில்லை, சத்தம் போடவில்லை. அவ்வளவு இறுக்கமாக, அவ்வளவு சரியாக எல்லாவற்றையும் பூட்டியிருந்தான். தோணி அலையைத் தாண்டிப் போயிற்று. தூரத்தில் இரண்டு பேர் குனிந்து தூக்குவது தெரிந்தது. பிறகு தோணி இலேசாகித் திரும்பி வந்தது.

அடுத்த நாள் நல்லரெத்தினம் கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

"கேள்விப்பட்டன். ஏன்டா வாயத் திறக்கல்ல?"

"வாப்பா முன்னுக்கு இரிந்தார்."

"இப்ப அவருக்குச் சந்தோசமாமா?"

நூஹு ஒரு ட்ரான்சிஸ்டர் ரேடியோவின் முதுகைக் கழற்றினான். அதற்குள் பார்க்க ஒன்றுமில்லை. கைப்பிடியளவு தகடு, நாலு சொல்டர்ப் பொட்டு.

"ஓம். என்ட மகன்தான் தோள் குடுத்துத் தூக்கின எண்டு சந்தைக்குள்ள எல்லாருக்கும் செல்லித் திரியிறாராம்."