மிஷின் நின்றால் விழித்துக்கொள்பவர்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனான நான் தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தேன். ராஜபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். நூல் மில் தொழிலாளி. புருவம் பஞ்சு ஒட்டியதுபோல் நரைத்திருந்தது. லேசாக வழுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்திருந்தது. கூடிய பிறகு எலும்பு எவ்வளவு உறுதி என்று எம்.ஆர்.ஐ.யில் பார்த்துத்தான் வேலைக்கு அனுப்புவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எல்லோரும் மிரளும் அந்த மிஷின் இரைச்சலில் அவர் குறட்டை விட்டார். ஆனால் ஒரு படம் முடிந்து சத்தம் நின்றதும் திடுக்கிட்டு எழப் பார்த்தார். கை நகர்ந்து, அடுத்த படம் கெட்டது.

"அசையாதீங்க அண்ணாச்சி."

"மில்லு இரைச்சல்ல தூங்கினா மேஸ்திரி கண்டுக்க மாட்டாரு தம்பி. மிஷின் நின்னும் எந்திரிக்கலன்னாதான் வைவாரு."

மறுபடி எடுத்தபோது, சத்தம் நின்றதும் நானே மைக்கில் "டடடட" என்று ஓட்டினேன். அவர் அசையவில்லை. படம் தெளிவாக விழுந்தது. எலும்புக்குள் இருக்கும் நுண்ணிய வலை எங்கும் அறாமல் இருந்தது.

வெளியே வந்தவர் எலும்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"உங்க மிஷின் நடுவுல நடுவுல ஒரு மாதிரி கரகரங்குது தம்பி. பேரிங் தேஞ்சிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விடுங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் உண்மையிலேயே தூங்கினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.