பெரியமுத்து சிரித்த இடம்

ராஜா கதைப் படம் கைப்பேசிக்கே வந்துவிட்ட வாரம், வண்டிப்பெரியாற்றுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் கைகள் தம்பாட்டுக்குக் கொழுந்து கிள்ளின, வாய்கள் தம்பாட்டுக்குப் படத்தைக் கிள்ளின. தியேட்டரில் ஓடியபோது அடைமழை, ஒருவரும் மலையிறங்கவில்லை. இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்றானதும் விடுவார்களா? யானை நிஜ யானை இல்லை என்றாள் ஒருத்தி. அத்தனை பேர் வெட்டுப்பட்டுக் கிடக்க, ராணி கட்டிய சேலை கசங்காமல் நிற்கிறாளே என்றாள் இன்னொருத்தி. பக்கத்து நிரையில் கிள்ளும் பிலோமிக்குச் சண்டை நீளம், ஆனால் கடைசியில் அழுதுவிட்டாளாம். ஜீப் ஓட்டும் ஷைஜு, "பாட்டு கொள்ளாம், க்ளைமாக்ஸ் போரா" என்று, பாட்டு நல்லது முடிவு போதாது என மலையாளத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

சின்னத்தாய் மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்தால் மற்றவர்களும் பேச்சை மாற்றினார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய புருஷன் பெரியமுத்துவைக் கொன்றது அந்தப் படம்தான் என்று அவள் ஊரறியச் சொல்லியிருந்தாள்.

படக்காரர்கள் மேலே புல்மேட்டில் போர்க்களம் போட்டபோது, சிப்பாய்க் கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று ஷைஜு ஜீப்பில் ஆள் திரட்டினான். தேயிலைக்கு மருந்தடிக்கும் பெரியமுத்துவும் ஏறிக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் மீசையில் கரியோடு வந்து நின்றவரிடம் சின்னத்தாய் கேட்டாள்:

"என்ன வேஷம் குடுத்தாங்க?"

"செத்துப்போன சிப்பாய். சும்மா படுத்துக் கெடந்தாப் போதும்."

"எந்திரிச்சதும் சிரிச்சீங்களா?"

"மறந்துட்டேன் புள்ள. பிரியாணி போட்டாங்க, எல்லாரும் ஓடுனாங்க, நானும் ஓடிட்டேன்."

மாரியம்மன் கோயில் நாடகத்தில் செத்த வேஷம் கட்டியவர், படுதா விழுந்ததும் எழுந்து ஊரைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். வரிசை வீடுகளான அந்த லயத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. இது விளையாட்டு என்று சாவுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது தேடி வந்துவிடும். வெளியாளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். சின்னத்தாய் அன்று சோறு போடாமல் சண்டை போட்டாள். மறுநாள் காலை ஜீப் வளைவில் மறையும்வரை பின்னாலேயே போய், "ரெண்டு நாளுக்கும் சேத்துச் சிரிச்சிருங்க, மறந்துராதீங்க" என்று கத்தினாள்.

சாயங்காலம் அவர் வாசலில் கால் வைக்குமுன் கேட்டாள். "சிரிச்சீங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

இந்த 'ஆச்சு'தான் தொல்லை. மனுஷன் கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் ஆச்சு என்பார். அரிசி வாங்கியாச்சா என்றால் ஆச்சு. வெறும்பை ஆணியில் தொங்கும். பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்றால் அதற்கும் ஆச்சு. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இருக்காது, கேட்டவர் மனம் குளிர்ந்தால் சரி. அப்படிப்பட்ட வாயை யார் நம்புவது?

அடுத்த தை பிறந்து கொஞ்ச நாளில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியமுத்து விழுந்தார். விளையாடுகிறார் என்று நினைத்து, "எந்திரிங்கண்ணே, படம் முடிஞ்சிருச்சு" என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார் டாக்டர். சிரிக்காமல் வந்ததுதான் காரணம் என்றாள் சின்னத்தாய். துக்கம் முடிந்து அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் இருந்தன. யாரிடமும் சொல்லாமல் அடுப்பில் போட்டாள். அன்றிலிருந்து ஷைஜுவின் ஜீப்பில் அவள் ஏறுவதில்லை. அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மண்ரோட்டில் நடப்பாள். ஹாரன் கேட்டாலும் திரும்ப மாட்டாள்.

படம் வந்த அந்த வாரத்தில் ஒருநாள், குமுளியில் ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போகும் மகள் மோனிஷா சிவந்த கண்ணோடு வீடு வந்தாள்.

"அம்மா, கோவிக்காத. ஒண்ணு காட்டணும்."

"அந்தப் படம்னா வெளிய போ."

"படம் இல்லம்மா. படத்தப் பத்தி எழுதியிருக்காங்க."

பார்த்தவர் யாரோ படத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி, ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'பிணம் சிரிக்குது, டைரக்டர் தூங்குறாரு' என்று எழுதியிருந்தார். கீழே ஊர்ப்பட்ட பேர் சிரித்திருந்தார்கள். 'கூலிக்குக் கூட்டிட்டு வந்த ஆளுக்குச் சாகக்கூடத் தெரியல' என்று ஒருவர். 'இந்த ஒரு ஆளால மொத்தப் போரும் காமெடி ஆயிருச்சு' என்று இன்னொருவர். கடையில் கூட வேலை செய்யும் பெண்கள் சிரித்துச் சிரித்து மோனிஷாவிடமே காட்டியிருக்கிறார்கள். எங்கப்பா என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்த அவமானமும் கோபமும்தான் இப்போது அழுகையாக வந்தன.

சின்னத்தாய்க்கு ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. "என்ன சொன்ன? சிரிக்காரா?"

கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். ராஜா பிணங்களுக்கு நடுவே புலம்பிக்கொண்டு நடக்கிறார். அவர் காலுக்குப் பின்னால், மீசையில் கரியோடு, வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறார் பெரியமுத்து. திடீரென்று, முன்பல் போன இடம் தெரிய, தோள் குலுங்கச் சிரிக்கிறார். காட்சி முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ, எழுந்தால் பிரியாணி ஞாபகத்தில் மறந்துபோகும் என்று பயந்தாரோ, படுத்தபடியே கடமையை முடித்துவிட்டார். அவசரக்காரர்.

"இன்னொருக்கா போடு" என்றாள். மோனிஷா போட்டாள். "இன்னொருக்கா."

"அம்மா..."

"சிரிச்சிருக்காருடீ. நான் சொன்னதக் கேட்டிருக்காரு. நான்தான் நம்பல." அவள் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மலர்ந்த முகம், பாதியிலேயே அப்படியே நின்றுபோயிற்று. சிரித்துவிட்டாரே. பிறகு எது அவரைக் கொண்டுபோனது? அடுப்பில் போட்ட அட்டைகள் கண்முன் வந்து நின்றன.

"சிரிச்சது நெசம்" என்றாள் மெதுவாக. "மாத்திரைதான் பொய்."

அதற்குப் பிறகு அழுதாள். முன்பு அழுததெல்லாம் கோபம் பாதி கலந்த அழுகை. திட்டுவதற்கு ஒரு படமும் ஒரு ஜீப்பும் அப்போது இருந்தன. இப்போது திட்ட யாருமில்லை. புருஷன் போய்விட்டார், அவ்வளவுதான். அது தாங்க முடியாததாக இருந்தது.

மோனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். "நான் பதில் எழுதறேன்மா. அது எங்கப்பா, செத்துப்போயிட்டாரு, வாய மூடுங்கன்னு எழுதறேன்."

"வேண்டாம் விடு. அவரு சிரிக்கத பாத்துத்தான சிரிக்காங்க? நல்லா சிரிக்கட்டும்."

மறுநாள் காலை மூடுபனியில் அவள் நடந்துகொண்டிருந்தபோது, பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. ஷைஜு வழக்கம்போல ஒதுங்கிப் போகப் பார்த்தான். சின்னத்தாய் கையைக் காட்டினாள். அவன் பதறிப்போய் நிறுத்தினான். ஏறி உட்கார்ந்தாள். அவன் கியரை மாற்றி வளைவைத் தாண்டினான். பிறகு, ஊரெல்லாம் கேட்கிற கேள்வியே அவன் வாயிலும் வந்துவிட்டது.

"சேச்சி, படம் கண்டோ?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

சின்னத்தாய் புல்மேட்டுப் பக்கம் பார்த்தாள்.

"சண்டையெல்லாம் எனக்கு வெளங்கல, ஷைஜு. ஆனா எங்க வீட்டுக்காரரு அன்னைக்குப் பொய் சொல்லல."